அப்பா வரைந்த மாடு

நான் நார்வே கடலில் காற்றாலை பழுதுபார்ப்பவன். தூத்துக்குடியில் என் வீட்டு மேசை மேல் எனக்கு இன்னொரு கை இருக்கிறது. இங்கே கையுறையை மாட்டி நான் வரைந்தால், அங்கே அந்த இயந்திரக் கை என் மகள் ஜெனோவாவோடு சேர்ந்து வரையும்; நான் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு நான்கு வயது. என்னைவிட நன்றாக வரைவாள்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, கோட்டைத் திருத்தித் தரும் வசதியைச் சேர்த்தேன். அன்று நான் போட்ட மாடு காலண்டரில் அச்சடிக்கலாம்போல் வந்தது. பெருமையில் மீசையைத் தடவினேன். அங்கே இயந்திரக் கையும் காற்றைத் தடவியது.

ஜெனோவா கிரேயானைக் கீழே வைத்துவிட்டாள்.

“அம்மா, இது அப்பா இல்ல. வேற யாரோ.”

அதன்பின் அவள் மேசைப் பக்கமே வரவில்லை. போனிலும் பேசவில்லை.

“உங்க கிறுக்கலத்தான் பிள்ள தேடுது,” என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

திருத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி ஒரு மாடு போட்டேன்.

“அப்பா, இது பூசணிக்காயா?” ஜெனோவாவின் குரல்.

“மாடும்மா.”

“வால் எங்க?”

நான் யோசிப்பதற்குள் கையுறை தானாக அசைந்தது. அங்கே அவள் இயந்திரக் கையைப் பிடித்து எனக்கு வால் வரையச் சொல்லித்தந்துகொண்டிருந்தாள். சின்ன விரல்களின் அழுத்தம் என் மணிக்கட்டில் தெரிந்தது. வால் மாட்டைவிட நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.