பக்கவாட்டு முகம்

குங்குமச் சிமிழைத் திறந்த தங்கமணி, படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

நெற்றி பாதிதான் தெரிந்தது. படத்திலிருந்த பெண் முகத்தைப் பக்கவாட்டில் முழுக்கத் திருப்பியிருந்தாள்.

சுமங்கலியாகப் போனவள் படத்துக்குப் பொட்டு வைக்காமல் மாலை போட மாட்டார்கள். ஆற்றுக்கு அக்கரை ஊரான தன்லியினிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கும் மைத்துனி தங்கமணி வேண்டாமென்று சொல்லிவிட்டால், மனைவி கனகாம்பாளின் திவசத்துக்கு வெறும் சுவர்தான். பழனியப்பன் மாலைத் தட்டை ஏந்தி நின்றார்.

போன வருடப் புயல் இந்தத் தின்கன்ஜூன் வீட்டுக் கூரையைப் பிய்த்தபோது, கனகாம்பாளின் போட்டோக்கள் எல்லாம் மழையில் ஊறிக் கரைந்துபோயின. தங்கமணி வீட்டிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்தப் படம், பன்சோடான் தெரு நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகத்தின் தாள். நூறு வருடங்களுக்கும் முன்னால் ஓர் அமெரிக்க ஓவியர் வரைந்தது. கறுப்பு கவுன் போட்ட பெண். எவளோ.

ஆனால் அந்தக் கழுத்து.

எதிரே இருப்பவரைப் பார்க்காத அந்த நிமிர்வு. வெளிச்சம் தாடையில் தொடங்கி, நிதானமாகத் தோளுக்கு இறங்குகிறது. கனகாம்பாளைக் கண்ணால் கண்டிராத ஒருவருக்கு இது எப்படிக் கைவந்தது என்று பழனியப்பன் பல நாட்கள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் அவள் இப்படித்தான் திரும்பிக்கொள்வாள். கர்வக்காரி என்று உள்ளுக்குள் ரசிப்பார். தன் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று, வருடா வருடம் பேச்சைக் குறைத்தும் கொண்டார்.

"என்ன அத்தான், வெள்ளைக்காரியக் கொண்டாந்து மாட்டியிருக்கீங்க. அக்கா பார்த்தா விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றாள் தங்கமணி.

அவர் மாலைத் தட்டை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் படத்தை நெருங்கிப் பார்த்தாள். பிறகு, தெரிந்த பாதி நெற்றியின் ஓரமாகக் குங்குமத்தை ஒற்றினாள். மாலையை எடுத்துப் போட்டாள்.

"ஆனா இப்படித் திரும்பியிருக்கிறது அக்காவேதான். கல்யாணம் நின்னுடும்னு அப்பா அப்ப மறைச்சாரு, அப்புறம் அக்காவும் வெக்கப்பட்டுச் சொல்லல. அதுக்கு ஒரு காது சுத்தமாக் கேக்காது, அத்தான். நீங்க பேசுறதுல ஒரு வார்த்தை விட்டுடக் கூடாதுன்னு, நல்ல காதை இப்படித்தான் உங்க பக்கம் திருப்பும்."