மெத்தைக் கடையில் விழுந்த டாக்டர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடுகிற கதை ஒன்று சொல்கிறேன்.

மெத்தையில் சாய்ந்த டாக்டர் கண் செருகி வாயைப் பிளந்ததும், கடை முழுக்கக் கைதட்டல் எழுந்தது. "என்னா நடிப்பு!" என்றார் ஒருவர், செல்போனை இன்னும் கிட்டக் கொண்டுபோய்.

நிஜ டாக்டர் இல்லை அவர். ஆறு வருஷமாக டிவியில் ஓடும் ஆஸ்பத்திரி சீரியலின் கதாநாயகன். பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவர் டாக்டர்தான். புது மெத்தைக் கடைக்கு வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக வந்து, ரிப்பன் வெட்டி, கொஞ்ச நேரம் படுத்துக் காட்டுவதாக ஏற்பாடு.

படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

கடையைக் கூட்டித் துடைக்கிறவள் மட்டும் கைதட்டவில்லை. கையில் மாப் இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை என்பதால் எல்லோருக்கும் அவள் மாப்பக்கா. முண்டியடித்துக்கொண்டு போய் அவர் தோளை உலுக்கினாள். அசைவில்லை. கரையில் போட்ட மீனுக்குப் போல எப்போதாவது ஒரு தரம் வாய் திறந்து மூடியது. உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

"இவரைக் கீழ இறக்கணும்! ஏ பில் போடற பொண்ணே, ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணு!"

மேனேஜர் பாய்ந்து வந்தார். "ஏய், யாரைத் தொடறே? கடையிலயே ஒசத்தி மெத்தையில படுத்திருக்காரு. அவரைப் போய் வெறுந்தரையில இழுக்கறியே!"

"இதுல வச்சு அமுக்குனா மெத்தைதான் சார் அமுங்கும். நெஞ்சு அமுங்காது."

விரிப்போடு சேர்த்து அவள் இழுத்த இழுப்பில் டாக்டர் தரைக்கு வந்தார். மண்டி போட்டாள். நடு மார்பில் கைமேல் கை வைத்து, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரத்தையே இறக்கி அமுக்க ஆரம்பித்தாள். வேகமாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே.

"உனக்கு என்ன தெரியும்? எந்தக் காலேஜ்ல படிச்சே?" என்றார் மேனேஜர்.

"இவரு சீரியலைத்தான் ஆறு வருஷமா பாக்கறேன். ஒரு நாள் விட்டதில்ல. எம் பொண்ணு நர்ஸு. அவளும் கூடவே உக்காந்து பாப்பா."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. "சீரியல் பாத்து வைத்தியமாம்!"

"நல்லவேளை, ஏரோப்பிளேன் சீரியல் எதுவும் பாக்கல. பாத்திருந்தா ஓட்டியே காட்டியிருக்கும்!"

"சிரிங்க," என்றாள் மாப்பக்கா, கையை நிறுத்தாமல். "சிரிச்சுக்கிட்டே அந்த வாசலை விட்டு நகருங்க. ஸ்ட்ரெச்சர் வரணும்."

ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "மூஞ்சியில தெளிம்மா."

"வேணாம்."

"கன்னத்துல தட்டி, பேரைச் சொல்லிக் கத்தும்மா!"

"கத்தற மூச்சு எனக்கு அமுக்கறதுக்கு வேணும்யா."

மளுக்கென்று ஒரு சத்தம். விலா எலும்பு.

"கொல்றா! ஆளையே கொல்றா!" மேனேஜர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "எழுந்திரு! இல்லேன்னா இந்த நிமிஷமே உனக்கு வேலை போச்சு!"

"போனா போகுது சார். வேலை வேற பாத்துக்கலாம், எலும்பும் கூடிடும். நான் கையை எடுத்தா இந்த மனுஷன் திரும்ப வரமாட்டாரு."

"போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. வாட்டசாட்டமா ரெண்டு பேரா வரச் சொல்லுங்க. எனக்குக் கை மாத்த ஆள் வேணும்."

மேனேஜர் அவள் தோளை விட்டார். அதற்குள், போன் பேசி முடித்த பில் போடுகிற பெண் எதிரே வந்து மண்டியிட்டாள். "நான் மாத்தறேன்க்கா."

"வா தாயி. கையை மட்டும் மடக்காதே."

பத்து நிமிஷம். இருவரும் மாறி மாறி அமுக்கினார்கள். மாப்பக்காவின் வேர்வை சொட்டி டாக்டரின் வெள்ளைக் கோட்டு நனைந்துபோயிருந்தது.

ஆம்புலன்ஸ்காரர் ஓடி வந்து, சட்டையைக் கத்தரித்து, மார்பில் இரண்டு பட்டைகளை ஒட்டினார். மெஷின் துடிப்பைப் பார்த்து 'ஷாக் கொடு' என்று சொன்னதும் எல்லோரையும் விலகச் சொல்லி ஒரு ஷாக் கொடுத்தார். மறுபடி அமுக்கினார். பிறகு கழுத்தில் விரல் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நாடி ஓடுது."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

டாக்டரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டே ஆம்புலன்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். "யாரு ஆரம்பிச்சது? நான் வர்ற வரைக்கும் அமுக்காம இருந்திருந்தா, நான் வந்தே பிரயோஜனமில்ல."

மேனேஜர் சட்டென்று செல்போன் கேமராக்கள் பக்கம் திரும்பி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்க கடை ஸ்டாஃப் சார்! டாக்டரோட சீரியலைப் பாத்தே கத்துக்கிட்டவங்க. பாத்தீங்களா, அவரு சீரியலே இன்னிக்கு அவரைக் காப்பாத்திடுச்சு!"

"அந்த சீரியலா?" ஆம்புலன்ஸ்காரர் முகத்தைச் சுளித்தார். "அதைப் பாத்துத்தானா இவ்வளவு சரியா செஞ்சீங்க?"

"ஆமா தம்பி," என்றாள் மாப்பக்கா. "எம் பொண்ணு பக்கத்துல உக்காந்து, 'தப்பு, மெத்தையில வச்சு அமுக்கறாரு! தப்பு, கையை மடக்கறாரு!'ன்னு டிவியைத் திட்டிக்கிட்டே இருப்பா. அதான், இவரு அதுல செய்யறதுக்கெல்லாம் நேர்மாறா செஞ்சேன்!"

மயக்கமும் மாரடைப்பும் உங்கள் வீட்டு டிவிக்குள்ளேயே நின்றுபோகட்டும், கண்ணுகளா. அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் நூறு வயசு இருக்கட்டும்.