மூன்று வேளைப் பேய்

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அலறலைக் கேட்டதும் டைரக்டர் கார்த்திகேசனுக்கு முகமெல்லாம் பல். பத்து வருஷமாகப் பேய்ப் படம் எடுக்கிறான். அவன் படத்துக்காக ஒருவர் அலறி, அதை அவன் காதால் கேட்பது இதுதான் முதல் தடவை.

“கேட்டுச்சா சார்?” என்றான், பக்கத்தில் நின்ற கலியமூர்த்தியிடம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் கலியமூர்த்திக்கு முப்பது வருஷ இரைச்சலில் காது பாதிதான் மிச்சம். கதவில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். “ஆமாபா, யாரோ கத்துறா மாரிதான் கீது.”

அது அவருடைய மகள் பவ்யாவின் வீடு. முகப்பேரில் மூன்றாவது மாடி, மதியம் ஒரு மணி. கார்த்திகேசனின் அடுத்த படத்துக்கு அவர்தான் தயாரிப்பாளர், ஆனால் ஒரு நிபந்தனை. இவன் எடுத்த படத்தைப் பார்த்து ஒரே ஒரு ஆளாவது பயப்படுவதை அவர் நேரில் பார்க்க வேண்டும்.

இல்லையென்றால் வருகிற திங்கட்கிழமையிலிருந்து கார்த்திகேசன், ஆவடியில் மச்சானின் தண்ணீர் கேன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் மனைவி ஷோபனா அதற்கு நீலச் சட்டைகூடத் தைத்து வைத்துவிட்டாள். அந்தச் சட்டையைப் பார்த்தாலே அவன் அடுத்த அறைக்கு ஓடிவிடுவான். அவன் எடுத்த எந்தப் பேயைப் பார்த்தும் யாரும் அப்படி ஓடியதில்லை என்பது வேறு விஷயம்.

கலியமூர்த்தியையும் குறை சொல்ல முடியாது. ‘ரத்த நூம்பல்’, நூம்பல் என்கிற ஊரில் பாதி கட்டி நின்ற ஒரு வீட்டில் எடுத்த பதினெட்டு நிமிடப் படம். வேறு யாரும் சிக்காததால் பேயாக நடித்ததும் கார்த்திகேசனே. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜன்னலில் தலையை நீட்டி, வாயை அகலமாகத் திறந்து, ‘ஆ...’ என்பான்.

முதன்முதலில் போட்டுக் காட்டியபோது, “பேய்க்குப் பல்லு வலியா சார்?” என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். கலியமூர்த்தி குறட்டையே விட்டார்.

ஆனால் யூடியூபில் ஏற்றிய பிறகு நடந்ததுதான் கூத்து. ஆறே மாதத்தில் பன்னிரண்டு லட்சம் பார்வை. அதுவும் தினமும் காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று மணியடித்தது போலக் கூட்டம் கூடியது.

“உச்சி வேளைல பேய் உலாத்தும், ஒத்துக்கிறேன். காலைல எட்டு மணிக்கு இன்னாத்துக்குபா?” என்று கலியமூர்த்தி வரும் வழியிலேயே கேட்டார்.

“அதான் சார் நம்ம பேயோட பவர். உங்க பொண்ணே மூணு வேளையும் பாக்குறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“மெய்தான்பா. மாப்ள போன்ல அழுவுறாரு. ‘ஊடு பூரா பேய் சத்தம் மாமா, நிம்மதியா ஒரு வாய் சோறு துன்ன முடியல’ன்றாரு.”

அதைக் கேட்டுத்தான் இருவரும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் இங்கே வந்து நின்றார்கள்.

உள்ளே மறுபடியும் வீறிடும் சத்தம். “ஐயோ, இரு இரு, இதோ வந்துடுச்சு!” என்று பவ்யா கெஞ்சுவது கேட்டது. உடனே ‘ரத்த நூம்ப’லின் ஆரம்ப இசை. தொடர்ந்து கார்த்திகேசனின் சொந்தக் குரலில் ஒரு நீளமான ‘ஆ...’

அவ்வளவுதான். வீடு கப்சிப் ஆனது.

கலியமூர்த்திக்கு வியர்த்துவிட்டது. “இன்னாபா, கத்துன சத்தம் பட்டுனு நின்னுபோச்சு? உசுரு கீதா?”

“பயம் உச்சிக்கு ஏறிட்டா சத்தம் வராது சார், தொண்டை அடைச்சுக்கும்” என்றபடி கார்த்திகேசன் பின்னால் ஓர் அடி வைத்தான். காலடியில் ஏதோ ‘பீ’ என்று கத்தியது. கலியமூர்த்தி துள்ளிக் குதித்தார். பார்த்தால், கதவோரம் கிடந்த பீப்பீ செருப்பு, விரல் நீளம்தான் இருக்கும்.

“பாத்து வைபா காலை!” அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “நானே ஆடிப்பூட்டேன். குடு அந்தப் பேப்பரை. நீதான்பா டைரக்டரு!”

கதவிலேயே ஒப்பந்தத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கார்த்திகேசனுக்குக் கண் கலங்கியது. நீலச் சட்டையை மச்சானே போட்டுக்கொள்ளட்டும்.

அவர் பேனாவை மூடியதும் கதவு திறந்தது. பவ்யாவின் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, கண் சிவந்திருந்தது, கன்னத்தில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. பெற்ற அப்பாவை அவள் கண்டுகொள்ளவேயில்லை. கார்த்திகேசனையே வெறித்துப் பார்த்தாள்.

“நீங்க... நீங்க அந்தப் பேய்!”

“நானேதான் மேடம். பயப்படாதீங்க” என்றான் கார்த்திகேசன், அவள் அலறுவதற்கு ஆசையாகக் காத்துக்கொண்டு.

பவ்யா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

“தெய்வமே, நீங்க ‘ஆ’ன்னாதான் எம்புள்ள வாயவே தொறக்குறான், அடுத்த படத்தையாவது தயிர்சாதம் முடியிற வரைக்கும் இழுங்க!”