மூன்றாவது ஆன்டர்ஸ்

தன் நோர்வேக்கார அம்மாவின் மூதாதையைத் தேடிய மயூரன், மடிக்கணினியில் திறந்த தேவாலயத்தின் பழைய பதிவேட்டில் இரும்பு உலைத் தொழிலாளி ஒருவனின் குடும்பத்தைக் கண்டுபிடித்தான். தொழிலாளிக்கு ஆன்டர்ஸ் என்றொரு மகன் பிறந்து இறந்திருந்தான். அடுத்து இன்னொரு ஆன்டர்ஸ், அவனும் இறந்திருந்தான். பிறகு மறுபடியும் ஓர் ஆன்டர்ஸ்.

"ஒராளையே மூண்டு தரம் எழுதிப்போட்டினமோ?" என்றாள் மனைவி தர்சிகா. அவளுக்கு ஏழாம் மாதம்.

"இல்லை. செத்த பிள்ளையின்ரை பேரை அடுத்ததுக்கு வைக்கிறது அவையின்ரை வழக்கம். மூண்டாவது ஆள் தப்பினபடியால்தான் நான் இருக்கிறன்."

மேசையில் அவர்களின் மகன் அகரனின் படம் இருந்தது. போன வருடம் பிறந்து ஒன்பது நாள் மட்டும் உயிரோடு இருந்தவன். மயூரன் அதையே பார்த்தான்.

"இவனுக்கும் அகரன் எண்டே வைப்பமே?"

தர்சிகா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டாவது ஆன்டர்ஸ் எத்தினை நாள் இருந்தவன்?"