ஒயர் கட்டணம்

"கூரை என்னுது, வெயிலு சாமி குடுக்கறது. இதுக்கு எதுக்குங்க ஒயர் கட்டணம்?"

மின் அலுவலகத்தில், பொறியாளர் பொற்கொடியின் மேசை முன் நின்று கேட்டார் செங்கோடன். பல்லடம் பக்கத்து விசைத்தறி சங்கத் தலைவர். பின்னால் சங்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர். எல்லோர் தறிக்கூடத்திலும் சோலார் இருந்தது.

"பகல்ல மிஞ்சற கரண்ட்டு எங்க ஒயர்லதான் வெளிய போகுதுங்க. ராத்திரி தறி ஓட அதே ஒயர்லதான் வருது" என்றார் பொற்கொடி. "நாங்களா போடலீங்க. கருத்துக் கேட்புக் கூட்டத்துல உங்க பக்கத்து ஆளுகளே கேட்டாங்க."

"எவன் கேட்டது? ஆளக் காட்டுங்க. எங்க சங்கத்தானா இருந்தா இன்னைக்கே நீக்கிப்போடறேன்."

"மூணு வருசமாச்சு. வீடியோ இருக்குதுங்க."

பொற்கொடி கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். திரையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"வசதி இருக்கறவன் சோலார் போட்டுட்டு பில்லு கட்டாம தப்பிச்சுக்கறான். ஒயர் செலவு பூராவும் எங்க தலையில உழுகுது. அவங்ககிட்டயும் வாங்குங்க."

கூட்டம் கைதட்டியது.

செங்கோடன் மேசையை விட்டுப் பின்வாங்கினார். கூட்டம் நடந்த அன்றைக்கு அவருடைய கூரையில் வெறும் சிமெண்ட் ஷீட்தான் இருந்தது.

பொற்கொடி வீடியோவை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க அம்மணி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "பேசறது எங்க தலைவருங்க. எந்திரிச்சு நின்னு கைதட்டறது நாங்க பன்னெண்டு பேருங்க."