எல்லாரும் வரலாம்

"பேரு?"

"நிலவன்."

"கூட வந்தவங்க?"

"என் மனைவி."

"அவங்க பேரச் சொல்லுங்க. நோட்டுல எழுதணும்."

அனுப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டவர் உக்கிரபாண்டி, அவளைப் பெற்றவர். அந்தப் பெயரை அவளுக்கு வைத்ததே அவர்தான்.

"அனுப்பிரியா," என்றாள் வெடுக்கென்று.

"ஆதார் கொண்டாங்க."

கொடுத்தாள். கல்யாணமாகி ஏழு வருசம் ஆகியும் அதில் அப்பா பெயரை அவள் மாற்றவில்லை. உக்கிரபாண்டி தன் பெயரையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் போல அந்த அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டு, அட்டையை நிலவனிடம் நீட்டினார்.

"ஆத்தோரமாக் கடைசிக் கூடாரம் உங்களுக்கு. மேடத்துக்கு வெந்நீ வேணும்னா சொல்லி விடுங்க."

மேடமாம்! மூச்சுக்கு மூச்சு 'ஆத்தா' என்று கூப்பிட்ட வாய். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்சில் உட்கார்ந்து வந்திருந்தாள்.

வேற சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று, அன்றைக்குப் போடியில் சொந்தபந்தம் அத்தனை பேரையும் கூட்டிவைத்து அவர் சொன்னது இதுதான்: "என் உசிரு இருக்கிற வரைக்கும் இவ என் வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது!"

சொன்னால் சொன்னதுதான். ஏலக்காய் வியாபாரத்தில் உக்கிரபாண்டியின் வாய்வார்த்தை போதும், எழுத்து வேண்டாம் என்பார்கள். அந்தப் பெருமையை மகள் விஷயத்தில்கூட மனுசன் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர்தான் மூன்று வருசத்துக்கு முன்னால், பூப்பாறைத் தோட்டத்தில் ஆற்றங்கரை ஏலச்செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் வாடகைக்குத் தங்க ஆறு கூடாரம் போட்டார். போனில் விளம்பரம் வேறு. வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றுகொண்டு, "நம்ம இடந்தான். எல்லாரும் வரலாம்" என்று சொல்கிற அரை நிமிச வீடியோ.

அதை அனுப்பிரியா எத்தனை தடவை பார்த்தாளோ, அவளுக்கே கணக்கில்லை. எல்லாரும் வரலாம். பெற்ற மகள் மட்டும் வரக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அழுதுதான் போனை வைப்பாள்.

பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் நிலவன்தான் தன் பேரில் இடம் போட்டான். "விருந்தாளியா போவோம். விரட்டினா திரும்பிடலாம்."

விரட்டவில்லை. யாரோ எவரோ மாதிரி நடத்தினார். அதற்கு விரட்டியிருந்தாலே தேவலை.

மதியம் அம்மா சந்திரவல்லி சாப்பாடு கொண்டுவந்தாள். மகள் இலையில் கோழிக் குழம்பை ஊற்றிவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள்.

"எளச்சுப் போயிட்டியேடி."

"அப்பா எங்கிட்டப் பேசவே மாட்டாராம்மா?"

"எனக்கென்ன தெரியும்? அவரு புடிச்சா புடிதான். ரூம்பு கட்டுவோம், இந்த மழைக்குக் கூடாரம் தாங்காதுன்னு நானும் தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கலையே!"

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மலை மழை சொல்லிக்கொண்டா வரும்? கூடாரம் ரெண்டு மூன்று இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. பக்கத்துக் கூடாரத்தில் மதுரைக் குடும்பம் ஒன்று இருந்தது. உக்கிரபாண்டி குடையோடு ஓடிவந்து அவர்களிடம் கத்தினார்.

"பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வெரசா மேல வாங்க. மழ விடுற வரைக்கும் நம்ம வீட்டுல இருக்கலாம்."

நிலவனும் பையைத் தூக்கினான்.

"நீங்க இங்கயே இருங்க தம்பி," என்றார். "மேடத்த மேல கூட்டியாந்துறாதீங்க."

அனுப்பிரியா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தோளில் சொட்டிய தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. மேலே தோட்டத்து வீட்டில் லைட்டு எரிந்தது. பள்ளிக்கூட லீவு விட்டால் போதும், அவள் ஓடிவந்து கிடந்த வீடு அது. இப்போது முன்பின் தெரியாத பிள்ளைகள் அங்கே தலை துவட்டிக்கொண்டிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் வெளியே சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்தாள். குடைகூட இல்லாமல் தொப்பலாக நனைந்தபடி, உக்கிரபாண்டி அவர்கள் கூடாரத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"வர்றவன் போறவனுக்கெல்லாம் வீட்டத் திறந்து விடுறீங்க. பெத்த மக மட்டும் துணிக்குள்ள கெடந்து நனையணும். அப்படித்தானப்பா?"

அப்பா என்று அவள் கூப்பிட்டு ஏழு வருசமாகிறது. உக்கிரபாண்டியின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

"மாப்ளே, இந்த மொனையப் புடிங்க," என்று கயிற்றை நிலவனிடம் கொடுத்துவிட்டு, குனிந்து உள்ளே வந்து மகள் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

"காலையில இருந்து ஒன்ட்ட எப்படிப் பேச்செடுக்கன்னு தெரியாம முழிச்சுக்கிட்டுக் கெடக்கேன் ஆத்தா. நாலு பேரு முன்னால வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொல்லித் தொலச்சிட்டேன். அதத் திருப்பி எடுக்க இந்தப் பாழாப்போன ரோசம் விடல."

அவள் தோளில் இருந்த ஈரத்தைத் துண்டால் ஒற்றினார்.

"அதான் வாசப்படியே இல்லாத எடமாப் போட்டு வச்சு, எல்லாரும் வரலாம்னு போன்ல கத்திக்கிட்டே இருந்தேன். ஒனக்குக் கேக்க மூணு வருசமாயிருச்சே ஆத்தா!"