அணையாத வண்டி

சர்வீஸ் முடிந்து போன லாரியை மறுநாளே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார் டிரைவர் மாசிலாமணி.

“ஆயில் மாத்தச் சொன்னா என்னடா பண்ணி வச்சிருக்க? சும்மா நிக்கும்போதே ரேஸ் ஆகுது.”

மெக்கானிக் அந்தோணி ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தான். ஆக்ஸிலேட்டர் கேபிளை இழுத்துப் பார்த்தான். “எல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு. வயசானா அப்படித்தான் கத்தும்.”

“வண்டியச் சொல்றியா, என்னயச் சொல்றியா?”

ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு மாசிலாமணியே குனிந்தார். ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடிலிங் திருகின் தலையில் புதுக் கீறல் மினுங்கியது. யாரோ வேண்டுமென்றே கூட்டி வைத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து ஓட்டத்தில் வண்டி ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சில மாதங்களாக இடது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. கிளட்சை மெல்ல விட வராமல் இன்ஜின் அணைந்துவிடும். முதலாளிக்குத் தெரிந்தால் சாவி வேறு கைக்குப் போகும் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. சர்வீஸுக்கு வந்த அன்று இந்தப் பட்டறை வாசல் மேட்டிலேயே வண்டி அணைந்து அணைந்து நின்றது.

“அன்னைக்கு மேட்டுல நின்னுச்சே, பாத்தியா?”

“இல்லண்ணே. நான் உள்ள இருந்தேன்.”

அன்று அவன் வாசலில்தான் நின்றிருந்தான்.

“டீசல் கூடக் குடிக்குமேடா.”

“கொஞ்சம் குடிச்சிட்டுப் போகட்டும்ணே.”

மாசிலாமணி ஸ்க்ரூடிரைவரை அவன் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மேட்டில் கிளட்சிலிருந்து கால் சட்டென்று நழுவியது. லாரி ஒருமுறை குலுங்கி, அணையாமல் ஏறியது. கண்ணாடியில் பார்த்தார். அந்தோணி முதுகைக் காட்டி நின்று, துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தான்.